தானா மூடிக்கும்னு சொன்னாங்க

(அச்சரப்பாக்கத்தில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வங்கிக் கடன் இணைப்பு, சுழல் நிதி, கறவை மாடு என்று நல்ல நல்ல விஷயமாகப் பேசினார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பெண்களும் உடல் நலமும்’. அது கடல் மாதிரி. கால் மணி நேரத்துல அதை அள்ள முடியாது. அதனால் நான் ஒரே ஒரு ஓட்டையைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

வாயால் சாப்பிட முடியாமல் போனவர்களுக்கு வயிற்றில் ஒரு ட்யூப் வைப்பார்கள். அது வழியாகத்தான் கஞ்சி, பால், மாத்திரை எல்லாம். உடம்பு தேறி, வாயால் சாப்பிட ஆரம்பித்ததும் ட்யூபை எடுத்துவிடுவார்கள். எடுத்த இடத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைதான் என் தலைப்பு. ட்யூப் வைக்கும்போது எப்படிக் கஞ்சி விடணும், எப்படிக் கழுவணும் என்று நர்ஸம்மா உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். எடுத்த பிறகு என்ன செய்யணும் என்று யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எடுத்தாச்சு, நல்லாயிடுச்சு, போங்க என்று அனுப்பிவிடுவார்கள். மீதி எல்லாம் வீட்டில் இருக்கிற பொம்பளைங்க தலையில்தான்.

இது என் நாத்தனாருக்கு நடந்தது. என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா. நானும் அக்கான்னுதான் கூப்பிடுவேன். அவங்களும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்காங்க. எந்த வரிசைன்னு சொல்ல மாட்டேன். உங்களைப் பத்திப் பேசலாமான்னு கேட்டேன். “பேசு, பேரு மட்டும் வாணாம்” என்றார்கள்.

அக்கா சின்ன வயசிலிருந்து நடவுக்குப் போனவர். நடவுக்காரங்க இடுப்பில் சுருக்குப் பை இருக்கும். வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. அதை அதக்கிக்கிட்டா பசி தெரியாது, நாள் பூரா குனிஞ்சு நின்ன வலி தெரியாது. பல வருஷம் கழித்து கன்னத்துக்கு உள்ளே வெள்ளையாகத் திட்டு விழுந்து, அது புண்ணாகி, ஆறவே இல்லை. இங்கே ஒன்று சொல்லிட்டுப் போறேன். புகையிலை மட்டும்தான் கெடுதல், வெறும் பாக்கு ஒண்ணும் செய்யாது என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வாயில் ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் காட்டிடுங்க. சரி, என் விஷயத்துக்கு வரேன்.

கன்னத்தில் ஆபரேஷன் ஆச்சு. பிறகு ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள். கரண்ட் வைத்தால் வாய் முழுக்க வெந்து போகும், எச்சில் கூட முழுங்க முடியாது. அதனால்தான் வயிற்றில் ட்யூப். இந்த ட்யூப் வைக்கிறதில் ஒரு பெரிய மாற்றம் 1979-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் வந்தது. காடரர், பான்ஸ்கி என்று ரெண்டு டாக்டர்கள் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டு, வெளியிலிருந்து சின்னதாக ஒரு துளை மட்டும் போட்டு ட்யூப் வைத்தார்கள். முதன்முதலில் அப்படி வைத்தது ஒரு கைக்குழந்தைக்கு. அதற்கு முன்னால் என்றால் பெரிய ஆபரேஷன்தான். இன்றைக்கு நம்ம ஊர்க்காரங்களுக்கும் அந்த வசதி கிடைக்கிறது என்றால் அந்தக் குழந்தையில் ஆரம்பித்த விஷயம்.

அக்காவுக்கு ட்யூப் பதினோரு மாசம் இருந்தது. கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணி, முட்டை அடித்த பால் எல்லாம் மிக்சியில் அடித்து, மெல்லிசுத் துணியில் வடிகட்டி, சிரிஞ்சில் விடுவோம். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். எட்டாம் மாசத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாயால் சாப்பிட்டார்கள். டாக்டர் உடனே எடுக்கவில்லை. “சில வாரம் ட்யூப்ல எதுவும் விடாம, வாயால மட்டும் சாப்பிட்டு எடை குறையாம இருக்கட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்றார். இது நல்ல ஏற்பாடு. அவசரப்பட்டு எடுத்துவிட்டு, சாப்பாடு இறங்காமல் திரும்ப ஓட்டை போடுவது ரெண்டு வேலை. அதனால் யார் வீட்டிலாவது “எப்ப எடுப்பாங்க, எப்ப எடுப்பாங்க” என்று அவசரப்பட்டால் எடையைப் பாருங்க. அங்கன்வாடியில் எடை மெஷின் இருக்கு.

எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்க அக்காவுக்கு வைத்தது உள்ளே சின்ன பலூன் வைத்த வகை. பலூனில் இருக்கிற தண்ணியை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மூச்சை இழுத்து விடுங்கம்மா என்றார்கள். ஒரே இழுப்பு, வந்துவிட்டது. சிலருக்கு உள்ளே பலூனுக்குப் பதிலாக வட்டமாக ரப்பர் இருக்கும், அதற்குத் திரும்பவும் கேமரா விட்டு எடுக்க வேண்டி வரலாம். எடுத்த இடத்தில் காஸ் துணியை மடித்து வைத்து பிளாஸ்டர் ஒட்டினார்கள். “தையல் போட மாட்டீங்களா?” என்று கேட்டேன். “வாணாம்மா, தானா மூடிக்கும்” என்றார்கள். அவ்வளவுதான். பஸ் ஏறி வந்துவிட்டோம்.

தானா மூடிக்கும் என்பது பொய் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் மூடும். ஆனால் எப்படி மூடும், எத்தனை நாளில், மூடலைன்னா என்ன என்று தெரியாமல் அந்த வார்த்தையை மட்டும் கையில் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தால் ராத்திரி தூக்கம் வராது.

எப்படி மூடுதுன்னு நமக்கு ஏற்கெனவே தெரியும். மூக்குத்தியைக் கழட்டிப் பாருங்க. புதுசாகக் குத்தின மூக்கு என்றால் ராத்திரியே தூந்து போகும், காலையில் போட முடியாது. குழந்தைக்குக் காது குத்தி, கம்மல் விழுந்துவிட்டால் ரெண்டு நாளில் ஓட்டை காணாமல் போகும். ஆனால் நாற்பது வருஷமாகக் கம்மல் போட்ட நம்ம ஆயா காதில் ஓட்டை தூருமா? தூராது. உள்பக்கமாகத் தோலே வளர்ந்து ஓட்டைக்குச் சுவர் மாதிரி நின்றுவிட்டது. வயிற்று ஓட்டையும் அதே கதைதான். வயிற்றுப் பை சதையால் ஆனது, சுருங்கும் குணம் அதற்கு உண்டு. ட்யூப்தான் அதைச் சுருங்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. எடுத்த சில மணி நேரத்திலேயே உள்வாய் சுருங்க ஆரம்பித்துவிடும். ஒன்றிரண்டு நாளில் கசிவு குறையும். ஒரு வாரம், ரெண்டு வாரத்துக்குள் மேல்தோலும் சேர்ந்துவிடும். ட்யூப் மாசக்கணக்கில், வருஷத்தை நெருங்கி இருந்தால்தான் கம்மல் ஓட்டை மாதிரி சுவர் எழும்பி, மூட அடம் பிடிக்கும். எங்க அக்காவுக்கு பதினோரு மாசம் என்று சொன்னேன் இல்லையா, அதை நினைவில் வெச்சுக்கோங்க.

மூடாமலேயே போன ஓட்டை ஒன்று உலகத்திலேயே பேர் வாங்கியிருக்கிறது. அமெரிக்காவில் மேக்கினாக் என்கிற தீவில், 1822 ஜூன் மாசம், விலங்குத் தோல் வியாபாரக் கம்பெனியில் கூலி வேலை பார்த்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்குத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்துவிட்டது. பிழைக்க மாட்டார் என்று நினைத்த ஆளை பியூமான்ட் என்கிற ராணுவ டாக்டர் காப்பாற்றினார். புண் ஆறியது, ஓட்டை மட்டும் மூடவில்லை. வயிற்றுப் பையின் ஓரமும் மேல்தோலும் ஒட்டிக்கொண்டு ஜன்னல் மாதிரி நின்றுவிட்டது. டாக்டர் என்ன செய்தார்? இறைச்சித் துண்டையும் ரொட்டியையும் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே இறக்கி, மணிக்கு ஒரு தரம் வெளியே இழுத்து எவ்வளவு செரித்திருக்கிறது என்று பார்த்தார். 1833-ல் புத்தகமும் போட்டார். சாப்பாடு வயிற்றில் எப்படிச் செரிக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டதற்கு அந்தப் புத்தகம் பெரிய உதவி. எல்லாரும் டாக்டரைப் புகழ்வார்கள். எனக்கு அந்தக் கூலிக்காரர்தான் கண் முன்னால் நிற்கிறார். நூல் கட்டி இழுக்கிற வேலைக்கும் அவர் உடம்பு, விறகு பிளக்கிற வேலைக்கும் அதே உடம்பு. கல்யாணம் பண்ணி, பிள்ளை குட்டி பெற்று, 1880 வரைக்கும் அந்த ஓட்டையோடவே வாழ்ந்தார். இன்றைக்கு இருந்தால் ஒரு சின்ன ஆபரேஷனில் மூடியிருப்பார்கள்.

இப்ப வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி. சாப்பிடச் சொல்லி டாக்டர் கொடுத்த நேரம் வந்ததும் அரை டம்ளர் மோர் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் கட்டு நனைந்துவிட்டது. அந்த ராத்திரி மூன்று தடவை மாற்றினோம். பயப்படாதீங்க, முதல் ரெண்டு மூணு நாள் கசிவு எதிர்பார்க்கிறதுதான். புளிச்ச வாடை அடிக்கும். அது சீழ் இல்லை, வயிற்றில் சுரக்கிற அமிலம். ஆனால் அந்த அமிலம் சோற்றைச் செரிக்க வைக்கிறது போலத் தோலையும் சுடும். ஓட்டையைவிட சுற்றியிருக்கிற தோல்தான் எரிச்சலில் உயிரை எடுக்கும். அதனால் ஈரக் கட்டை அப்படியே விடக்கூடாது. கை கழுவி, சாதா சோப்பும் காய்ச்சி ஆறின தண்ணியும் வைத்துத் துடைத்து, ஒத்தி எடுக்கணும். தேய்க்கக் கூடாது. நல்லாக் காய்ந்த பிறகு சுற்றியிருக்கிற தோலில் மட்டும், குழந்தைங்களுக்குத் துணி உரசி சிவந்தால் தடவுகிற துத்தநாகக் களிம்பு, மெடிக்கல்ல ஜிங்க் கிரீம்னு கேளுங்க, அதை டாக்டரைக் கேட்டு மெல்லிசாகப் போடணும். மேலே புது காஸ். பஞ்சையோ துணியையோ ஓட்டைக்குள் திணிக்கவே கூடாது. திணித்தால் அதுதான் புது ட்யூப், ஓட்டை எப்படி மூடும்?

இருமினாலும் தும்மினாலும் உள்ளங்கையால் கட்டு மேல் லேசாக அழுத்திக்கணும். வயிறு முட்டக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. உட்கார்ந்து சாப்பிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கணும். மேலுக்கு ஊற்றிக் குளிக்க எப்ப ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்வார். ஏரி, கிணறு, கடல் முழுக்கு மட்டும் ஓட்டை முழுசா மூடுகிற வரைக்கும் வேண்டாம்.

கட்டுப் போடுவதைவிடக் கஷ்டம் என்ன தெரியுமா? தெருவில் வருகிற வைத்தியத்தைத் தடுப்பது. ஒருத்தர் மஞ்சள் குழைத்து எடுத்து வந்தார். ஒருத்தர் காபித்தூள். ஒரு பெரியம்மா கோயில் விபூதியை உள்ளே தூவச் சொன்னார்கள். எல்லாருக்கும் அக்கா மேல் பாசம்தான், குறை சொல்லலை. ஆனால் அது அடுப்பில் சுட்ட புண் இல்லை, நேராக வயிற்றுக்குள் போகிற வாசல். மஞ்சளைக் குழம்பில் போட்டோம், காபித்தூளைக் காபியில் போட்டோம், விபூதியை நெற்றியில் வைத்துவிட்டோம். யாரும் கோவிச்சுக்கலை.

நாலாம் நாள் கசிவு குறையணும். குறையவில்லை. ஏழாம் நாளும் ஈரம். ஒன்பதாம் நாள் காலையில் கட்டைப் பிரித்தால் துணி காய்ந்திருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என் வீட்டுக்காரர் கடைக்குப் போய் அக்காவுக்குப் பிடிச்ச கேசரி வாங்கி வந்துவிட்டார். சாயங்காலம் என் பொண்ணு என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். “அம்மா, அத்தை காலையிலேர்ந்து பாத்ரூமே போகலை. நேத்தும் ஒரே ஒரு வாட்டிதான் போனாங்க” என்றாள். போய்ப் பார்த்தால் உதடு வெடித்திருக்கிறது, நாக்கு காய்ந்திருக்கிறது, தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணி அப்படியே இருக்கிறது.

இன்னாக்கா இது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “குடிச்சா ஈரமாவுது. குடிக்கலைன்னா காயுது. நீயும் எத்தினி துணிதான் தோய்ப்ப?” என்றார்கள்.

ரெண்டு நாளாகத் தண்ணி குடிக்காமல் இருந்திருக்கிறார்கள், எனக்குத் துணி தோய்க்கிற வேலை குறையணும் என்று. புற்றுநோயைத் தாங்கின உடம்பு, கரண்டைத் தாங்கின உடம்பு. நாற்பது டிகிரி வெயிலில் தண்ணி இல்லாமல் படுத்திருக்கிறது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் நான் மேடை ஏறினேன். நம்ம பொம்பளைங்க இதைச் செய்வோம். யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு வாயைக் கட்டிப் போடுவோம். அதனால் கட்டு காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை டம்ளர் குடித்தார்கள், எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனார்கள், என்ன கலரில் போனார்கள் என்று கேட்கணும். கூச்சமாத்தான் இருக்கும், கேட்டுத்தான் ஆகணும்.

அன்றைக்கு ராத்திரியே கூட்டிக்கொண்டு போய் சலைன் ஏற்றினோம். மறுநாள் டாக்டர் ஓட்டையைப் பார்த்தார். ஓரத்தில் செக்கச் செவேல்னு ஈரமாக ஒரு சதை, பட்டாணி அளவுக்கு, தொட்டால் ரத்தம். திரும்ப அந்த வியாதிதானோ என்று எனக்கு அடி வயிறு கலங்கியது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, “இது ஆறப் பார்க்கிற சதைதாம்மா, அளவு மீறி வளர்ந்து வழியை மறிக்குது” என்றார். வெள்ளி நைட்ரேட் தடவின குச்சியால் தொட்டார், கருத்துச் சுருங்கியது. அமிலம் குறைய மாத்திரை எழுதினார், காலையில் வெறும் வயிற்றில் போடணும். அமிலம் குறைந்தால் கசிவதும் தோலைச் சுடாது, ஓட்டைக்கும் ஆற அவகாசம் கிடைக்கும். “தண்ணியை மட்டும் நிறுத்தாதீங்க, நனைஞ்சா நனையட்டும்” என்று அக்காவிடம் நாலு தடவை சொன்னார். அந்த டாக்டரம்மாவுக்குப் புரிந்திருந்தது.

மூன்று வாரம் பார்த்தோம். துளி துளியாக வந்துகொண்டே இருந்தது. நான் சொன்ன கம்மல் ஓட்டைதான். இந்த மாதிரி அடம் பிடிக்கிற ஓட்டைக்கு வழி இருக்கிறது. சிலருக்கு உள்ளே கேமரா விட்டு கிளிப் மாட்டி மூடுவார்கள். சிலருக்கு உள்சுவரைச் சுரண்டிவிட்டுத் தையல் போடுவார்கள். சுரண்டினால்தான் பச்சைப் புண்ணாகி ஒட்டும். எங்க அக்காவுக்குத் தையல்தான் போட்டார்கள். ட்யூப் எடுத்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் நாற்பத்தேழாம் நாள் கட்டு காய்ந்தது, வயிறு நிறையத் தண்ணி குடித்த பிறகும் காய்ந்தே இருந்தது. இப்ப அந்த இடத்தில் குழிஞ்ச தழும்பு. “எனக்கு ரெண்டு தொப்புள்”னு அவங்களே சொல்லிச் சிரிப்பாங்க.

மூக்கு வழியாக ட்யூப் வைத்தவர்களைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. பக்கவாதம் வந்தவர்களுக்கு முதலில் அதுதான் வைப்பார்கள். எடுத்தால் ஓட்டை எதுவும் இருக்காது. அதனால் ஆற ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறோம். மூக்கின் உள்பக்கம் புண்ணாகி இருக்கும், தொண்டை கரகரக்கும், குரல் கட்டியிருக்கும். அது சில நாளில் சரியாகும். முழுங்குவதுதான் பழக வேண்டிய விஷயம். எங்க குழு பிரதிநிதி அக்காவின் வீட்டுக்காரருக்கு ஆறு வாரம் மூக்கில் இருந்தது. எடுத்ததும் ஆசையாக ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தார்கள், புரையேறி மூச்சு முட்டிவிட்டது. தண்ணி ஓடுகிற பொருள், தொண்டை சுதாரிப்பதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கொழகொழப்பான கஞ்சி பலருக்குச் சுலபம். யாருக்கு எது சரி என்று முழுங்கும் பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டுத்தான் தரணும். நிமிர்ந்து உட்கார வைத்து, கரண்டி கரண்டியாக, பேச்சுக் கொடுக்காமல். சாப்பிட்ட பிறகு குரல் தண்ணிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கொழகொழத்தால், அடிக்கடி இருமினால், காய்ச்சல் வந்தால் நெஞ்சில் இறங்கியிருக்கலாம், உடனே காட்டணும்.

மூக்கில் ட்யூப் என்றதும் உங்களில் சிலருக்கு டிவியில் பார்த்த ஒரு முகம் நினைவு வரும். மணிப்பூர் இரோம் ஷர்மிளா. அங்கே ராணுவத்துக்குக் கொடுத்த சிறப்பு அதிகாரச் சட்டத்தை எடுக்கணும் என்று 2000 நவம்பரில் சாப்பாட்டையும் தண்ணியையும் விட்டவர். அரசாங்கம் கைது பண்ணி, இம்பாலில் ஆஸ்பத்திரியிலேயே வைத்து மூக்கு வழியாக உணவு கொடுத்தது. பதினாறு வருஷம். தண்ணி உள்ளே போய்விடக் கூடாதென்று பல்லைக்கூடக் காய்ந்த பஞ்சால் துடைத்துக்கொண்டார். 2016 ஆகஸ்ட் 9-ஆம் தேதி உண்ணாவிரதத்தை முடித்தார். உள்ளங்கையில் கொஞ்சம் தேன் விட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அழுதார், பிறகுதான் நாக்கில் வைத்தார். சட்டத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும், அதற்குள் நான் போகலை. பதினாறு வருஷம் எதுவும் படாத நாக்கில் முதல் சொட்டு வைக்க அந்தம்மா தயங்கின தயக்கத்தை எங்க அக்காவிடமும் பார்த்தேன். வாயில் வைத்தால் வலிக்குமோ, புரையேறுமோ, வெளியே வந்துவிடுமோ. ஷர்மிளாவுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. உண்ணாவிரதத்தை விட்டதில் ஊர்க்காரங்களுக்கே கோபம். அன்றைக்கு ராத்திரி தங்க இடம் கிடைக்காமல், ட்யூப் போட்டு வைத்திருந்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் திரும்பிப் போனார். மறு வருஷம் நம்ம தமிழ்நாட்டுக்கு வந்து, 2017 ஆகஸ்ட்டில் கொடைக்கானலில் கல்யாணம் பண்ணிக்கொண்டார். 2019 மே மாசம் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன.

எங்க வீட்டிலும் ஓட்டை மூடின பிறகுதான் சாப்பாட்டுப் பிரச்சினை தலை தூக்கியது. கரண்ட் வைத்ததில் எச்சில் ஊறாது, சோறு தொண்டையில் நிற்கும். காரம் கொஞ்சம் பட்டாலும் நெருப்பு. ஆபரேஷன் பண்ணின பக்கம் உதட்டோரம் ஒழுகும். அதைப் பார்த்துவிடுவார்கள் என்று தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டில் சுவரைப் பார்த்து உட்காருவார்கள். என் மாமியார் ஒரு நாள், “ஊட்டி விட்டா சாப்பிடுவா” என்று கரண்டியை வாயில் திணித்தார்கள், அது இன்னும் பயத்தைக் கிளப்பியது. நாங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. குழையக் குழைய தயிர் சாதம், பருப்பு நெய், இட்லியை ரசத்தில் ஊற வைத்தது, கேழ்வரகுக் களியைக் கஞ்சித் தண்ணியில் கரைத்தது, இதையே வீட்டில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கையில் எல்லாரும் ஒரு துண்டு வைத்துக்கொண்டோம், அவங்க மட்டும் துடைக்கிற மாதிரி இருக்கக் கூடாதென்று. நாலு மாசம் கழித்து என் தங்கச்சி வளைகாப்பில் பந்தியில் உட்கார்ந்தார்கள். கலந்த சாதத்தில் தயிர் சாதமும் தேங்காய் சாதமும் ரெண்டு ரெண்டு வாய். அப்பளத்தைத் தயிரில் ஊற வைத்து அரை அப்பளம்.

நேரம் ஆகிறது என்று தலைவி அக்கா கடிகாரத்தைக் காட்டுறாங்க, முடிச்சுடுறேன். இதை மட்டும் எழுதிக்கோங்க. ட்யூப் எடுத்த பிறகு காய்ச்சல் வந்தாலோ, சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, வயிறு கல் மாதிரி வலித்தாலோ, வாந்தி நிற்கலைன்னாலோ, மலம் கருப்பாகப் போனாலோ, ஒண்ணுக்குக் குறைந்தாலோ காத்திருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. எடுத்து ரெண்டு வாரம் தாண்டியும் கசிந்தால் எடுத்த இடத்திலேயே போய்க் காட்டுங்க. சந்தேகம் என்றால் 104-க்கு போன் போட்டுக் கேட்கலாம்.

இன்னொன்று. எடுக்கிற நாள் வருவதற்கு முன்னாலேயே ட்யூப் தவறி வெளியே வந்துவிட்டால் அது வேற விஷயம், அவசரம். சில மணி நேரத்தில் ஓட்டை சுருங்கிவிடும், பிறகு அதே வழியில் வைக்க முடியாது. சுத்தமான துணியால் மூடி, விழுந்த ட்யூபையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே போகணும். நாமே திரும்பச் சொருகி கஞ்சி விடக் கூடாது. வைத்து ஒன்றிரண்டு மாசம்கூட ஆகலைன்னா உள்ளே வழியே சரியாக அமைந்திருக்காது, கஞ்சி வயிற்றுப் பைக்கு வெளியே கொட்டி உயிருக்கே ஆபத்து.

பணத்தைப் பற்றிப் பேசாமல் நம்ம கூட்டம் முடியாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவியது. காஸ் துணிக்கும் களிம்புக்கும் போக வரச் செலவுக்கும் அட்டை கிடையாது. டவுன் பஸ் நமக்கு இலவசம்தான், ஆனால் கட்டு நனைந்த ஆளை ரெண்டு பஸ் மாற்றிக் கூட்டிப் போக முடியாது, ஆட்டோதான். அந்த நேரம் எங்க குழுவில் உள்கடன் 5,000 ரூபாய் கொடுத்தார்கள். மாடு வாங்கினால் பால் வரும், இதுக்கு என்ன வரும் என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. கேட்டதும் நியாயம்தான், எல்லார் சேமிப்பும் அது. கடைசியில் அவசரக் கடன் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பத்து மாசத்தில் கட்டி முடித்தோம்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வருகிற பெண்கள் நம்ம குழுக்களிலிருந்து போனவர்கள்தான். பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம். படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிற நர்ஸும், பயிற்சி கொடுப்பவரும் அந்தத் திட்டத்தில் உண்டு. உங்க ஊருக்கு வருகிற தங்கச்சியிடம், எங்க வீட்டில் ட்யூப் வைத்த ஆள் இருக்காங்க, ட்யூப் எடுத்த ஆள் இருக்காங்க என்று வாயைத் திறந்து சொல்லுங்க.

போன மாசக் கூட்டத்தில் நான் ஒரு கோரிக்கை வைத்தேன், நிறைவேறியிருக்கிறது. கூட்டமைப்பு அலுவலகத்தில் பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். காஸ் துணிக் கட்டு, பேப்பர் பிளாஸ்டர், துத்தநாகக் களிம்பு, கையுறை, அளவு போட்ட டம்ளர், எத்தனை டம்ளர் குடித்தார்கள் என்று குறிக்க ஒரு நோட்டு. எந்தக் குழு உறுப்பினர் வீட்டுக்குத் தேவைப்பட்டாலும் எடுத்துக்கலாம். எடுத்ததை நோட்டில் எழுதிட்டு, முடிஞ்சப்ப வாங்கி வெச்சா போதும். சாவி பொருளாளர் அக்காவிடம் இருக்கு. ராத்திரி வேணும்னாலும் கதவைத் தட்டலாம்னு சொல்லியிருக்காங்க.